பழைய ரோபோ கையை வாங்குமுன்: சேதராப்பட்டுப் பட்டறைக்காரருக்கு ஒரு பதில்

சேதராப்பட்டில் இரும்புக் கட்டிலும் பள்ளிக்கூட பெஞ்சும் செய்யும் பட்டறை நடத்துபவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. கார் ஆலையில் ஸ்பாட் வெல்டிங் (தகடுகளை அழுத்திப் புள்ளி புள்ளியாக ஒட்டுவது) செய்து கழிக்கப்பட்ட, 165 கிலோ தூக்கும், 2008-ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஆறு அச்சு ஃபேனக் ரோபோ கையை, அதை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியோடு நாலரை லட்சம் ரூபாய்க்குத் தருவதாகச் சென்னை வியாபாரி ஒருவர் சொல்கிறாராம். கம்பி ஊட்டி ஆர்க்கில் பற்றவைக்கும் மிக் வெல்டிங்கிற்கு அதை வாங்கலாமா, வாங்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும், இப்போது கையால் வெல்டிங் செய்யும் இரண்டு பையன்களால் அதை ஓட்ட முடியுமா என்று கேட்கிறார். சொற்கள் விலையைச் சுற்றி இருந்தாலும், இறக்கி வைத்த பிறகு அது நின்றுபோனால் தம்மால் அதை மறுபடி ஓட வைக்க முடியுமா என்பதே அவருடைய உண்மையான கவலை என்று எனக்குப் படுகிறது. அந்தக் கவலைக்குத்தான் இங்கே பதில் சொல்ல முயல்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாக ஆலையின் பராமரிப்புப் பிரிவில் ஏழு ஆண்டுகளும், அதன்பின் புதுச்சேரி, கடலூர் வட்டாரத்துச் சிறு ஆலைகளுக்கு ரோபோ நிறுவிக் கொடுப்பதில் ஒன்பது ஆண்டுகளும் வேலை செய்தவன் நான். ஃபேனக், யாஸ்காவா, ஏபிபி நிறுவனங்களின் கைகளை நிறையப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். கூகா கைகளில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் அவற்றைப் பற்றிச் சொல்வதைத் தெரிந்த ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது: அந்தக் கை எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் உங்கள் வேலைக்கு உரியதில்லை. மிக் டார்ச்சும் அதன் மேல் ஏறும் கேபிளும் வயர் ஃபீடரும் சேர்ந்து சில கிலோக்களுக்கு மேல் போகா. 6 கிலோ முதல் 20 கிலோ வரை தூக்கும் கையே அதற்குத் தாராளம். 165 கிலோ ரகம் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளது. அது எட்டும் தூரம் இரண்டரை மீட்டரைத் தாண்டும். அதைச் சுற்றி வேலி போட்டால் உங்கள் பட்டறையில் பாதி போய்விடும். தரை கான்கிரீட்டையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமானது, கட்டில் சட்டத்தின் மூலைக்குள் டார்ச்சை நுழைத்துத் திருப்ப மெலிந்த மணிக்கட்டு வேண்டும். நூறு கிலோ ஸ்பாட் கன்னைச் சுமப்பதற்காகச் செய்யப்பட்ட மணிக்கட்டு அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். ஒரே புள்ளிக்கு மறுபடி மறுபடி திரும்பி வரும் துல்லியத்திலும் வேறுபாடு உண்டு. வெல்டிங்கிற்கென்று வந்த ஆர்க் மேட் 120ஐசி போன்ற கையில் அது ±0.08 மி.மீ.; பெரிய ஸ்பாட் கைகளில் புதிதாக இருந்தபோதே அதைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்கும்.

இரண்டாவது உறுதியான தடை மென்பொருள். ஃபேனக் கன்ட்ரோலரில் எந்த வேலைக்கான தொகுப்பு ஏற்றப்பட்டிருக்கிறதோ அந்த வேலைக்கான கட்டளைகளே இருக்கும். கார் ஆலையின் ஸ்பாட் ரோபோவில் ஸ்பாட் டூல் இருக்கும், ஆர்க் டூல் இருக்காது. ஆர்க் தொடங்குவது, முடிப்பது, நெளிவு போட்டு வெல்டிங் செய்வது, மின்னழுத்தத்தையும் கம்பி வேகத்தையும் அட்டவணையில் வைத்து அழைப்பது எல்லாம் ஆர்க் டூலில் வருபவை. அதைப் பிறகு சேர்க்க வேண்டுமானால் அந்தக் கன்ட்ரோலரின் எண்ணுக்கே உரிய அனுமதிக் குறியீட்டை நிறுவனத்திடம் பணம் கொடுத்துப் பெற வேண்டும். “அதெல்லாம் நாங்களே ஏற்றித் தந்துவிடுவோம்” என்று ஒரு வியாபாரி சொன்னால், அதற்கான எழுத்துச் சான்று கேளுங்கள். எந்த ஃபேனக் கன்ட்ரோலரிலும், கையில் பிடித்து ரோபோவை இயக்கும் பெண்டண்டின் திரையில் ஸ்டேட்டஸ் மெனுவுக்குள் வெர்ஷன் ஐடி, அதற்குள் ஆர்டர் ஃபைல் என்று போனால் ஏற்றப்பட்டுள்ள வசதிகளின் பட்டியல் தெரியும்; அதைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்வதற்குப் பயணச் செலவுகூட ஆகாது.

ஆகவே ஆர்க் வெல்டிங் செய்து கழிக்கப்பட்ட நடுத்தரக் கை ஒன்றைத் தேடுங்கள். நான் சொன்ன ஆர்க் மேட் 120ஐசி 20 கிலோ தூக்கும், 1,811 மி.மீ. எட்டும், ஏபிபியின் ஐஆர்பி 1600, யாஸ்காவாவின் எச்பி20, கூகாவின் கேஆர் 16 ஆகியவையும் இந்த அளவுக்குள் வருபவை. ஆறடிக் கட்டில் சட்டத்தை ஒரே பக்கத்திலிருந்து எட்ட ஒன்றரை மீட்டர் கை போதாமல் போகலாம். அதற்குப் பெரிய கை வாங்குவதைவிடச் சட்டத்தைத் திருப்பித் தரும் ஒரு எளிய பொசிஷனர் செய்துகொள்வது மலிவு என்பது என் அனுபவம்.

இப்போது என் கருத்தில் எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று. பழைய ரோபோ வாங்குபவர்கள் கையைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். வார்ப்பிரும்பும் கியரும் நல்ல கிரீசோடு ஓடினால் இருபது ஆண்டு உழைப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்தக் கையை உயிரோடு வைத்திருப்பதோ, கன்ட்ரோலரில் மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுக்கும் சர்வோ ஆம்ப்ளிஃபையரும் மெயின் போர்டும் டீச் பெண்டண்டும்தான். அவை போனால் கிடைக்குமா என்பதே உங்கள் முதலீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும். எனவே கையின் வயதுக்கு முன் கன்ட்ரோலரின் தலைமுறையைக் கேளுங்கள். ஃபேனக்கில் ஆர்-30ஐஏ அல்லது அதற்குப் பிந்தையது, ஏபிபியில் 2004-இல் வந்த ஐஆர்சி5, யாஸ்காவாவில் என்எக்ஸ்100 அல்லது டிஎக்ஸ்100, கூகாவில் 2010-இல் வந்த கேஆர்சி4 ஆகியவற்றோடு நிற்பேன். அவற்றுக்கு முந்தைய ஆர்-ஜே3, எஸ்4சி, கேஆர்சி1, கேஆர்சி2 போன்றவை பாதி விலைக்குக் கிடைத்தாலும், அவற்றைப் பழுதுபார்க்கும் ஆள் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டுமே வாங்கலாம். கூகாவின் அந்தப் பழைய பெட்டிகள் விண்டோஸ் ஓடும் கணினியும் ஹார்ட் டிஸ்க்கும் கொண்டவை. டிஸ்க் போய், அதன் நகலும் இல்லையென்றால் நல்ல கை ஒன்று வெறும் இரும்பாகிவிடும்.

கை, கன்ட்ரோலர், பெண்டண்ட், இடையில் ஓடும் கேபிள்கள் ஆகிய நான்கும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். கை தகட்டிலும் கன்ட்ரோலர் தகட்டிலும் உள்ள எண்களைக் குறித்து, இரண்டும் சேர்ந்தே ஆலையிலிருந்து வந்தவையா என்று பாருங்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காக நான் பார்க்கப் போகாமலே, படங்களை நம்பி இரண்டு கைகளை இறக்கினோம். புத்தம் புது மஞ்சள் பெயிண்டில் பளபளவென்று வந்தன. பிரித்துப் பார்த்தால், ஆலையிலிருந்து கழற்றியவர்கள் பிளக்கைக் கழற்றச் சிரமப்பட்டு மோட்டார் கேபிளையும், அச்சு நிற்கும் இடத்தைச் சொல்லும் என்கோடரின் கேபிளையும் அறுத்திருந்தார்கள். வியாபாரி அவற்றை முறுக்கி ஒட்டி டேப் சுற்றியிருந்தார். அச்சுகளின் பூஜ்ஜியக் குறிகள் பெயிண்டுக்குள் மறைந்துபோயிருந்தன, ஆயில் சீல் கசிவின் கறையும் அப்படியே. அந்த இரண்டையும் ஓட வைக்க மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் வாடிக்கையாளருக்கு வேலை இழப்பு. அன்றிலிருந்து, புதிதாகப் பெயிண்ட் அடித்த கையைவிடப் புகையும் தெறிப்பும் படிந்த கையையே நான் விரும்புகிறேன். அதன் வரலாறு கண்ணுக்குத் தெரிகிறது.

பார்க்கப் போகும் நாளில் கரண்ட் கொடுத்து ஓட்டிக் காட்டாத ரோபோவுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். இதில் விதிவிலக்கே வேண்டாம். ஓடும்போது முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள். ஃபேனக்கில் சிஸ்டம் டைமர் திரையில் கரண்ட் இருந்த நேரமும், சர்வோ இயங்கிய நேரமும், நிரல் ஓடிய நேரமும் தனித்தனியாக இருக்கும். மூன்று ஷிப்ட் ஆலையில் ஆண்டுக்கு ஆறாயிரம் மணிநேரம் இயல்பு. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது: போர்டு மாற்றப்பட்டிருந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கியிருக்கலாம், தவிர, கிரீஸ் மாற்றிப் பராமரித்த ஐம்பதாயிரம் மணிநேரக் கை, பராமரிக்காத இருபதாயிரம் மணிநேரக் கையைவிட நன்றாக இருப்பதுண்டு. ஃபேனக்கின் பல ரகங்களுக்கு மூன்று ஆண்டு அல்லது 11,520 மணிநேரம், எது முன்னதோ அதில் ரிட்யூசரின் (மோட்டார் வேகத்தைக் குறைக்கும் கியர் தொகுதி) கிரீஸை மாற்ற வேண்டும். மாற்றியதற்கான பதிவேடு கேளுங்கள், இல்லையென்றால் கிரீசே சாட்சி சொல்லும். கிரீஸ் வெளியேறும் பிளக்கைத் திறந்து சிறிது எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். கறுத்திருப்பது மட்டும் குற்றமில்லை. வெள்ளிப்பொடி போல மின்னினாலோ, காந்தத்தில் செதில்கள் ஒட்டினாலோ அந்த அச்சின் ரிட்யூசர் தேய்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்பதை அந்தப் பரிசோதனை சொல்லாது. விலையைப் பேச அது போதுமான காரணம்.

அடுத்தது, கியர் தேய்ந்து தளர்வதால் வரும் ஆட்டம். சர்வோவை அணைத்து பிரேக் பிடித்த நிலையில், கையை நன்றாக நீட்டி வைத்து, டயல் கேஜை முனைத் தட்டில் ஊன்றி, இடமும் வலமுமாக அளவோடு தள்ளிப் பாருங்கள். ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: அடி அச்சில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஆட்டம் இருந்தால், ஒன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் முனையில் அது 0.44 மி.மீ. ஆகிறது. 1 மி.மீ. கம்பியால் வெல்டிங் செய்யும்போது இணைப்பு இருக்குமிடத்தில் கம்பி விட்டத்தின் பாதிக்கு மேல் பிழை கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கு. அதாவது அந்த ஒரு அச்சின் தேய்மானமே உங்கள் அனுமதி கிட்டத்தட்ட முழுவதையும் தின்றுவிடுகிறது. இந்த அளவையில் கையின் இயல்பான வளைவும் கலந்துவிடும் என்பதால், தள்ளியதை விட்டபின் முள் பழைய இடத்துக்கு வருகிறதா, இடையில் தங்கிவிடுகிறதா என்பதை எண்ணைவிட அதிகமாகக் கவனியுங்கள். தங்கினால் அது ஆட்டம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டிக் கொடுக்கும் சோதனை ஒன்று உண்டு. ஒரு மணிநேரம் எடுத்துக்கொண்டாவது அதைச் செய்யுங்கள். கையின் முனையில் கூரான ஒரு கம்பியைப் பொருத்தி, மேசையில் நட்ட இன்னொரு கூரான ஊசியின் நுனிக்கு நேராகக் கொண்டுவந்து, பெண்டண்டில் அந்த நுனியை டூல் மையமாகப் பதிந்துவிட்டு, நுனி அசையாமல் மணிக்கட்டை மட்டும் நாலாபுறமும் சாய்க்கச் சொல்லுங்கள். பூஜ்ஜியம் சரியாகவும் கியர்கள் இறுக்கமாகவும் இருந்தால் இரு நுனிகளும் ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று, நான்கு மில்லிமீட்டர் விலகினால் மாஸ்டரிங் (அச்சுகளின் பூஜ்ஜிய இடப் பதிவு) போயிருக்கலாம், கை எங்காவது மோதி வளைந்திருக்கலாம், அல்லது தேய்ந்திருக்கலாம். இவற்றில் எது என்று அந்த இடத்தில் பிரித்தறிவது எனக்கே கடினம். மாஸ்டரிங் என்றால் சரிசெய்துகொள்ளலாம், மற்றவை செலவு. மாஸ்டரிங் போவதற்குப் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். ஃபேனக் கையின் அடிப்பகுதியில் 1.5 வோல்ட் பெரிய பேட்டரிகள் நான்கு இருக்கும். அவைதான் கரண்ட் இல்லாதபோது என்கோடர்களின் நினைவைக் காக்கின்றன. ஆண்டுக்கொருமுறை கன்ட்ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றை மாற்ற வேண்டும். கிடங்கில் இரண்டு வருடம் கிடந்த கையில் அவை உயிரோடு இருக்க வாய்ப்பில்லை.

பிரேக்கைப் பார்க்க, உங்கள் டார்ச்சின் எடைக்குச் சமமான பாரத்தைக் கட்டி, கையைக் கிடைமட்டமாக நீட்டி எமர்ஜென்சி பட்டனை அழுத்தி, பத்து நிமிடம் கழித்து முனை தாழ்ந்திருக்கிறதா என்று அளந்தால் போதும். அப்போது யாரும் கையின் கீழே நிற்கக் கூடாது. எல்லாம் திருப்தியாக இருந்தால், அன்றே அங்கேயே கன்ட்ரோலரின் மென்பொருள், பதிவுகளின் முழு நகலை எடுத்து உங்களோடு கொண்டுவாருங்கள்.

மின்சாரம் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். ஜப்பான் சந்தைக்குச் செய்யப்பட்ட கன்ட்ரோலர்கள் பல மூன்று பேஸ் 200 வோல்ட் கேட்பவை. அமெரிக்காவிலிருந்து வருபவை பெரும்பாலும் 480 வோல்ட். நம் 415 வோல்ட்டில் நேராகக் கொடுத்தால் முதல் வகை அந்த நொடியே எரியும். தகட்டைப் படித்து, தேவையானால் டிரான்ஸ்பார்மர் விலையையும் கணக்கில் சேருங்கள். மற்றது எர்த். ரோபோவுக்கும் வெல்டிங் மெஷினுக்கும் தனித்தனி எர்த் குழி போட்டு, வெல்டிங் ரிட்டர்ன் கேபிளை, துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் ஜிக்கிலேயே இறுக்கிக் கட்டுங்கள். அது தளர்ந்தால் வெல்டிங் கரண்ட் கையின் பேரிங் வழியாகத் திரும்பும். உங்களிடம் டிக் மெஷின் இருந்தால், அதன் உயர் அதிர்வெண் தீப்பொறி என்கோடர் கேபிள் பக்கம் வராமல் தள்ளி வையுங்கள்.

நம் ஊருக்கே உரிய பகை உப்புக் காற்று. சேதராப்பட்டு கடலைவிட்டு உள்ளே இருப்பதால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல்; கடலூர் குடிகாட்டில் சிப்காட் ஆலைகளுக்கு அருகே வைத்த ஒரு கன்ட்ரோலரில், உப்போடு வேதிப்பொருள் ஆவியும் சேர்ந்து, கனெக்டர் ஊசிகள் பச்சை பூத்துப் போனதைப் பார்த்தவன் நான். பெட்டியின் ரப்பர் சீல்களை மாற்றி, ஃபேன் ஃபில்டரை மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள் கணக்கில் அணைத்துப் போட்டிருந்த பெட்டியைத் திறந்து, உலர்ந்த காற்று கொடுத்த பிறகே ஆன் செய்யுங்கள். உள்ளே பூத்த ஈரத்தில் கரண்ட் பாய்ந்து போர்டு போனதே இங்கு நான் பார்த்த பழுதுகளில் அதிகம். கடலோரக் கிடங்கில் நெடுநாள் கிடந்த ரோபோவை வாங்குவதென்றால் பெட்டியின் உள்ளே டார்ச் லைட் அடித்துப் பார்க்காமல் வராதீர்கள்.

ரோபோவுக்கு ஒதுக்கும் தொகைக்குச் சமமான இன்னொரு தொகையை அதைச் சுற்றியுள்ளவற்றுக்கு எடுத்து வைக்கும்படி என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன். ரோபோவோடு பேசத் தெரிந்த வெல்டிங் மெஷின், ஃபீடர், மோதினால் நிறுத்தும் டார்ச் தாங்கி, வேலி, கதவு சுவிட்ச், ஜிக் எல்லாம் அதில் அடங்கும். ஜிக்கைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன், ஏனெனில் கட்டில் செய்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். உங்கள் பையன் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியைக் கண்ணால் பார்த்து, டார்ச்சைச் சற்று ஆட்டி நிரப்பிவிடுவான்; ரோபோ நேற்று சொன்ன இடத்துக்கே போய் ஓட்டை போடும். ஆகவே குழாய் வெட்டும் மெஷின் ஒவ்வொரு துண்டையும் அரை மில்லிமீட்டருக்குள் ஒரே நீளமாக வெட்டுகிறதா என்று ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். வெட்டவில்லையென்றால் முதலில் அந்த மெஷினை மாற்றுங்கள்; அதுவரை ரோபோ காத்திருக்கலாம்.

வேலியைத் தள்ளிப்போடுவதற்கு இடமில்லை. தொழிற்சாலை ரோபோக்களுக்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 10218, கை ஓடும்போது ஆள் உள்ளே வர முடியாத ஏற்பாட்டைக் கேட்கிறது. கற்பிக்கும் முறையில் முனையின் வேகம் நொடிக்கு 250 மி.மீ.க்குள் கட்டுப்படும், பெண்டண்டின் பின்னால் உள்ள சுவிட்சை நடுநிலையில் பிடித்திருந்தால்தான் கை அசையும், பயந்து இறுக்கினாலும் விட்டாலும் நிற்கும். பழைய ரோபோக்களில் இந்தச் சுவிட்சைக் கம்பி போட்டு இணைத்து வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். உங்களுக்குக் காட்டும் ரோபோவில் அப்படி இருந்தால், மற்ற எதைப் பற்றியும் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். ஆவணங்களில் ஜிஎஸ்டி பில்லில் கையின் எண்ணும் கன்ட்ரோலரின் எண்ணும் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வருவதால் பில் ஐஜிஎஸ்டியில் இருக்கும். வெளிநாட்டுச் சரக்கென்றால் சுங்கத்தில் கொடுத்த சார்ட்டர்ட் எஞ்சினியர் சான்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அதில் தயாரிப்பு ஆண்டு இருக்கும்.

பையன்களைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் படித்து வெல்டிங் தெரியாதவரைவிட, ஐடிஐ முடித்து ஐந்தாண்டு டார்ச் பிடித்தவர் விரைவில் நல்ல நிரல் எழுதுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். டார்ச்சின் சாய்வும் கம்பி நீளமும் வேகமும் அவர் கையிலேயே இருக்கின்றன. புள்ளிகளைப் பதிவது, டூல் மையம் வைப்பது, நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி தொடங்குவது ஆகியவற்றுக்கு இரண்டு வாரம் போதும். பிழை எண்களைப் படித்துப் பொருள் அறிய ஆறு மாதம் ஆகும். இருவருக்கும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள், ஏனெனில் ஒருவர் வேலையைவிட்டுப் போகும் நாள் வரும். வாங்குவதற்கென்று ஒரு கையைப் பார்க்கப் போகும்போது அவர்களில் ஒருவரையாவது உடன் அழைத்துப் போய், ஊசிமுனைச் சோதனையின்போது பெண்டண்டை அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.